தீராத அசதி: அட்ரீனல் சுரப்பியைச் சந்தேகிக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 38. முக்கூடல் பக்கத்துக் கிராமம், பீடி சுற்றுகிறேன். ஏழெட்டு மாதமாக ஒரே சடவாக இருக்கிறது. ராத்திரி நன்றாகத் தூங்கினாலும் காலையில் எழும்ப முடியவில்லை. தட்டை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டு எழுந்தால் கிறக்கம் வந்து சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். பசியே இல்லை, ஆறு கிலோ குறைந்துவிட்டேன். ஆனால் ஊறுகாய், கருவாடு என்று உப்பாகக் கேட்கிறது வாய். முன்பு முட்டுவலிக்கு மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையை மூன்று வருடம் போலச் சாப்பிட்டேன். கிட்னி கெட்டுவிடும் என்று சொன்னதால் ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிறது. ஹீமோகுளோபின் 9.4 என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், மலச்சிக்கலால் அதையும் விட்டுவிட்டேன். சென்னையில் இருக்கும் என் மதினி, இது ‘அட்ரீனல் ஃபெட்டீக்’, எச்சில் பரிசோதனை செய்து ஒரு பொடி சாப்பிட்டால் சரியாகும் என்று வீடியோ அனுப்பியிருக்கிறார். எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய். வாங்கலாமா? வீட்டில் எல்லாரும் ‘உனக்கு ஒன்றுமில்லை, மனசுதான்’ என்கிறார்கள்.

பதில்: சகோதரி, அந்தப் பொடியை வாங்க வேண்டாம். எச்சில் பரிசோதனைக்கும் பணம் கட்ட வேண்டாம். ஆனால் ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்பதையும் நான் ஏற்கவில்லை. ஆறு கிலோ எடை குறைந்து, எழுந்து நின்றால் கிறக்கம் வருகிற ஒருவருக்கு உடம்பில் என்ன நடக்கிறது என்று தேடித்தான் ஆக வேண்டும்.

‘அட்ரீனல் ஃபெட்டீக்’ என்ற பெயர் 1998-இல் அமெரிக்காவில் மாற்று மருத்துவம் செய்த ஒருவர் வைத்தது. மனக்கவலையும் வேலைப்பளுவும் தொடர்ந்தால் அட்ரீனல் சுரப்பி களைத்துப்போய் ஹார்மோனைக் குறைத்துவிடும் என்பது அதன் வாதம். ஹார்மோன் மருத்துவர்களின் சங்கங்கள் இப்படி ஒரு நோயை ஏற்கவில்லை. 2016-இல் ஐம்பதுக்கு மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதும் இதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கவலையால் இந்தச் சுரப்பி தேய்ந்துபோவதில்லை. இதற்கென்று விற்கிற சில பொடிகளிலும் மாத்திரைகளிலும், உறையில் எழுதாமலே ஸ்டீராய்டும் தைராய்டு ஹார்மோனும் கலந்திருப்பதைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. உங்கள் நிலையில் அது பணத்தைவிடப் பெரிய நஷ்டம்.

உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் முட்டுவலி மாத்திரைதான். நம் ஜில்லாவில் மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் சீட்டு இல்லாமல் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கிற மாத்திரைகளில் ஒரு சின்ன மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும். டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் இவற்றில் ஏதாவது ஒன்று. சாப்பிட்ட அன்றே வலி பறந்துபோகும், பசி எடுக்கும், முகம் பூரிக்கும். அதனால்தான் ஜனங்கள் அதையே திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குகிறார்கள்.

அட்ரீனல் என்பது இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் ஒட்டியிருக்கிற சின்னச் சுரப்பி. அது சுரக்கிற கார்ட்டிசால் இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் நிற்காது, சர்க்கரை நிற்காது, காய்ச்சலைத் தாங்க முடியாது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று மூளைக்குக் கீழே இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி உத்தரவு அனுப்பும். கார்ட்டிசாலைப் போலவே வேலை செய்கிற ஸ்டீராய்டு மாத்திரை வழியாக வந்துகொண்டே இருந்தால் அந்த உத்தரவு நின்றுவிடும். வெளியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கிற வீட்டில் கிணற்றைத் தூர்வார யாருக்கும் தோன்றாது அல்லவா, அப்படித்தான். மூன்று நான்கு வாரம் சாப்பிட்டாலே இது நடக்கலாம். நீங்கள் மூன்று வருடம் சாப்பிட்டிருக்கிறீர்கள். ஒரே நாளில் நிறுத்தியபோது வெளியிலிருந்தும் இல்லை, உள்ளேயிருந்தும் இல்லை என்று ஆகியிருக்கலாம். தூங்கிப்போன சுரப்பி விழிக்கச் சிலருக்குச் சில வாரம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். நிறுத்த நினைத்தது சரிதான், ஆனால் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியிருக்க வேண்டும். இதை உங்களுக்கு யாரும் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு வருத்தம்.

அந்த மாத்திரையின் பழைய அட்டையோ உறையோ வீட்டில் எங்காவது கிடந்தால் எடுத்து வையுங்கள். வெறும் வலிமாத்திரையாக இருந்தால் இந்தச் சந்தேகம் குறையும், அப்போது சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனை முக்கியமாகும். முகத்துக்குப் பூசுகிற சிவப்பழகு கிரீம், இளைப்புக்கு இழுக்கிற பம்ப் எது இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவற்றிலும் ஸ்டீராய்டு இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்கக் காலை 8 மணி வாக்கில் எடுக்கிற ரத்தத்தில் கார்ட்டிசால் அளவு பார்க்க வேண்டும். கார்ட்டிசால் விடியற்காலையில் உச்சத்துக்கு ஏறி ராத்திரியில் இறங்கும். அதனால் மத்தியானம் எடுத்த ரத்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை ஏறக்குறைய உறுதி. 15-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் அட்ரீனலை விட்டுவிட்டு வேறு காரணம் தேடலாம். நடுவில் நின்றால், பிட்யூட்டரி உத்தரவாக அனுப்புகிற ஏ.சி.டி.எச். ஹார்மோனை ஊசியாகப் போட்டு, சுரப்பி எழுந்து வேலை செய்கிறதா என்று மறுபடி ரத்தம் எடுப்பார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் கார்ட்டிசால் கூடுதலாகக் காட்டும், அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். கூடவே சோடியம், பொட்டாசியம், சர்க்கரை பார்க்க வேண்டும். படுக்கவைத்து ஒரு முறையும், எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் உங்கள் கிறக்கத்துக்கு அர்த்தம் இருக்கிறது.

உப்புக்கு வாய் கேட்பது என்னை இன்னொரு பக்கமும் யோசிக்க வைக்கிறது. மாத்திரையால் வருகிற பற்றாக்குறையில் உடம்பின் உப்பைக் காக்கிற ஹார்மோன் பெரும்பாலும் கெடாது. சுரப்பியே அழிந்துபோகிற அடிசன் நோயில்தான் அதுவும் சேர்ந்து போகும், உப்பு வேண்டும் என்று உடம்பு கேட்கும். 1855-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் இதை எழுதியபோது அவர் பார்த்தவர்களில் பலருக்குக் காரணம் காசநோய். மேலை நாடுகளில் இப்போது அது குறைந்துவிட்டது, நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. அடிசன் அரிதான நோய்தான். ஆனாலும் எடை குறைந்திருப்பதால் நெஞ்சு எக்ஸ்ரேயும், இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையும் செய்யாமல் விடக் கூடாது.

அடிசனில் தோல் கறுக்கும். நம் நிறத்தில் இது சட்டென்று தெரியாது, வெயிலில் அலைந்தது என்று விட்டுவிடுவோம். உங்களுக்குப் புகையிலைக் கறை வேறு விரலில் இருக்கும். அதனால் விரலை வைத்து முடிவு செய்யாமல், வெயிலும் புகையிலையும் படாத இடங்களைப் பாருங்கள். உள்ளங்கை ரேகைகள், ஈறு, கன்னத்தின் உட்புறம், பழைய தழும்பு. இரண்டு வருடத்துக்கு முந்தைய கல்யாண வீட்டுப் போட்டோ ஒன்றையும், கூடப்பிறந்தவர்களின் உள்ளங்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

சரி, இவ்வளவும் சந்தேகம். உறுதியாகத் தெரிந்தது உங்கள் ரத்தசோகை. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். 9.4-ஐ வைத்துக்கொண்டு யாருக்கும் அசதி வரத்தான் செய்யும். மாதவிலக்கில் அதிகம் போவதற்குக் காரணத்தை மகப்பேறு மருத்துவரிடம் காட்டிப் பாருங்கள், இல்லாவிட்டால் ஓட்டைப் பானையில் ஊற்றுகிற கதைதான். இரும்பு மாத்திரையை மறுபடி தொடங்குங்கள். மலச்சிக்கல் வந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாம், அதுவும் நன்றாகவே உடம்பில் சேரும். டீ, காப்பியோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

தைராய்டும் பார்க்க வேண்டும், ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. தைராய்டைத் தூண்டுகிற ஹார்மோனான டி.எஸ்.எச். கொஞ்சம் கூடியிருந்தால் உடனே தைராய்டு மாத்திரையைத் தொடங்க வேண்டாம், முதலில் கார்ட்டிசால் முடிவு வரட்டும். கார்ட்டிசால் பற்றாக்குறையை விட்டுவிட்டுத் தைராய்டு மாத்திரை கொடுத்தால் ஆபத்தான நிலைக்குப் போகலாம். அதோடு, கார்ட்டிசால் குறைந்தாலே டி.எஸ்.எச். சற்றுக் கூடிக் காட்டும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். ‘அசதியாக இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் கூட்டத்தில் சத்து மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும். ‘மூன்று வருடம் மூட்டுவலி மாத்திரை சாப்பிட்டு ஒரேயடியாக நிறுத்தினேன், ஆறு கிலோ குறைந்திருக்கிறேன், நின்றால் கிறக்கம்’ என்று முதலிலேயே சொல்லுங்கள். ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தாலும் நல்லது. பற்றாக்குறை உறுதியானால் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை கொடுப்பார்கள். அது நீங்கள் முன்பு சாப்பிட்டதைப் போன்ற மருந்துதானே என்று பயப்பட வேண்டாம். உடம்பு தானே சுரக்க வேண்டிய அளவை மட்டும் ஈடுகட்டுவது அது. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் கையில் இருக்கட்டும்.

அதுவரை வீட்டார் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காய்ச்சல், பேதி, ஓயாத வாந்தி, கடுமையான வயிற்றுவலி, மயக்கம், பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் ராத்திரியா பகலா என்று பார்க்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-ஐக் கூப்பிடலாம். போனதும், ஸ்டீராய்டாக இருக்கக்கூடிய மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டு நிறுத்தியவர் என்று சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தாலே 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் சலைன் டிரிப்பும் கொடுப்பார்கள், பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

உங்கள் ரத்த அழுத்தம் குறைவாக இருப்பது உறுதியானால், பரிசோதனை முடியும்வரை நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடிப்பதிலும் ஊறுகாய் தொட்டுக்கொள்வதிலும் தப்பில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போது ஒரு நிமிடம் கால்களை அசைத்துவிட்டு மெதுவாக எழுங்கள். பழைய முட்டுவலி மாத்திரையை மட்டும், வலி திரும்ப வந்தாலும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கார்ட்டிசால் பார்ப்பதற்கு முன் அதைச் சாப்பிட்டால் பரிசோதனை முடிவும் குழம்பிப்போகும்.