கூதல் கீழேயிருந்து வரும்: கூடாரம் பற்றி வாசகர் கேள்வி பதில்

மலையில் கூடாரம் போட்டுத் தங்குவது பற்றிக் கேட்டு வந்த கடிதங்கள் இம்முறை ஒரு கட்டுக்கு மேல். நான் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். மலையேற வருபவர்களுக்கு வழிகாட்டியாகப் போய் இருபத்திரண்டு வருடமாகிறது. முதற் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். "காசு குடுத்துக் கூதல்ல படுக்கிறாங்களா?" என்று கேட்டார். அதற்கு மட்டும் என்னிடம் பதிலில்லை. மற்றக் கேள்விகளுக்கு முயல்கிறேன்.

கே: நாங்கள் இருவரும், 6, 9 வயதில் இரண்டு பிள்ளைகளும் ஏப்ரல் விடுமுறைக்கு நுவரெலியாப் பக்கம் முதன்முறையாகக் கூடாரம் போட நினைக்கிறோம். நால்வருக்கான கூடாரம் வாங்கியாயிற்று. இன்னும் என்ன வாங்க வேண்டும்?
*(ஒரு தாய், வத்தளை)*

ப: தங்கச்சி, பெட்டியில் "நால்வர்" என்று போட்டிருந்தால் அது கருவாடு மாதிரி அடுக்கிய நால்வர். பைகளுக்கு இடமிருக்காது. கூடாரத்துக்குச் செலவழித்தது போதும், மிச்சக் காசைக் கீழே விரிப்பதற்குப் போடுங்கள்.

1,000 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றரில் இருக்கிறது. வத்தளையைவிடப் பன்னிரண்டு பாகை கழித்துக்கொள்ளுங்கள். மேகமில்லாத இரவென்றால் இன்னும் இறங்கும். எல்லாரும் கூதல் மேலேயிருந்து வருவதாக நினைத்துப் போர்வைக்கு மேல் போர்வையாகப் போடுகிறார்கள். உடம்புச் சூட்டை உறிஞ்சுவது நிலம். காற்றடிக்கும் மெத்தை மட்டும் போட்டால் அதற்குள்ளிருக்கும் காற்றும் சேர்ந்து குளிரும், விடிய இரண்டு மணிக்குப் பிள்ளை அழும். நுரைப்பாய் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் படுக்க வையுங்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், சாக்கு, அதற்கு மேல் அம்மாவின் பழைய கம்பளி. மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போவாரே, அதே கம்பளிதான். ஐந்து பேர் அதன்மேல் தூங்கி வளர்ந்தோம்.

ஏப்ரலில் காலை பளிச்சென்று இருக்கும், பின்னேரம் இடிமழை கொட்டும். இரண்டு மணிக்குள் கூடாரத்தை அடித்து முடியுங்கள். குளிருகிறதென்று எல்லா வழிகளையும் இழுத்துப் பூட்டாதீர்கள். நான்கு பேர் விடும் மூச்சு விடியுமுன் கூரையில் நீராகி முகத்தில் சொட்டும். பிள்ளைகளுக்குத் தூங்க மட்டுமென்று ஒரு சோடி உலர்ந்த காலுறை தனியாக இருக்கட்டும். இறைச்சி சுட்ட கரியடுப்பை, கணகணவென்று இருக்கிறதே என்று உள்ளே எடுத்து வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

முதல் தடவைக்குக் காடு வேண்டாம். பண்டாரவளைப் பக்கம் உயரம் 1,200 மீற்றரளவுதான். விடுதி ஒன்றின் புல்தரையில், கழிப்பறைக்கு இருபது அடி தள்ளிப் போடுங்கள். பிள்ளைகளுக்கு அதுவும் காடுதான்.

கே: அண்ணே, நாங்கள் ஆறு பொடியன்மார். ஓகஸ்டில் நாரங்கலை உச்சியில் ஓர் இரவு. கோழி சுட அடுப்பு, ஸ்பீக்கர் எல்லாம் ரெடி. வேறேதும்?
*(ஒரு வாசகர், மட்டக்களப்பு)*

ப: அடுப்பையும் ஸ்பீக்கரையும் கழித்துவிட்டு, அந்தப் பாரத்துக்குத் தண்ணீர் எடுங்கள் தம்பி. ஆளுக்கு நான்கு லீற்றர். ஓகஸ்டில் நாரங்கலை இருக்கும் ஊவாப் பக்கம் கோடை. மானாப்புல் காய்ந்து வைக்கோலாக நிற்கும். காற்றோ கூடாரத்தைப் பட்டமாக்கப் பார்க்கும். ஒரு கரித்துண்டு பறந்தால் பத்தனை என்கிற புல்மலை முழுதும் போகும். அதன் கீழே தேயிலை, அதன் கீழே லயம். கோழியை வீட்டிலேயே பொரித்து, ரொட்டியோடும் கட்டச் சம்பலோடும் கட்டிக்கொண்டு வாருங்கள்.

இன்னொன்று குளவி. தோட்டத்தில் சிறுத்தையைவிட இதற்குத்தான் பயம். கொழுந்து மலையில் குளவி கொட்டிப் பத்துப் பதினைந்து பேர் ஆஸ்பத்திரிக்குப் போனதாக அடிக்கடி செய்தியில் பார்ப்பீர்கள், செத்தவர்களும் உண்டு. ஏறும் வழியில் மரநிழலில் இளைப்பாற உட்காருமுன் அண்ணாந்து பாருங்கள். நான் பார்க்காமல் ஒருமுறை கருப்பந்தைலா (யூக்கலிப்டஸ்) மரத்தடியில் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினேன். புகை போன இடத்தில் கூடு. பதினொரு கொட்டு, ஒரு கண் இரண்டு நாள் திறக்கவில்லை. கூட வந்த வெள்ளைக்காரர் என்னைவிட வேகமாக ஓடினார். கூடு கலைந்தால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள். மூச்சுத் திணறினால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

கே: எல்லோருமாக மலைநாடு பார்க்க வருகிறோம். கூடாரத்தில் தங்கலாம் என்றதும் அப்பா எழும்பிப் போய்விட்டார். "தறப்பாளுக்குள்ள படுத்தது காணும்" என்கிறார். பிள்ளைகளோ கூடாரம்தான் வேண்டும் என்கிறார்கள். அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
*(ஒரு மகள், கிளிநொச்சி)*

ப: சம்மதிக்க வைக்க வேண்டாம் அம்மா. 2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குள் கிடந்தவருக்கு "முகாம்" என்ற சொல் வேறு பொருள். நமக்கு விளையாட்டாக இருப்பது அவருக்கு விளையாட்டாக வேண்டிய அவசியமில்லை. சுவரும் கூரையும் பூட்டும் உள்ள அறையொன்றை அப்பாவுக்கு எடுங்கள். முற்றத்தில் கூடாரம் போட விடும் விடுதிகள் எல்லயிலும் அப்புத்தளையிலும் இருக்கின்றன. பிள்ளைகள் வெளியே, அவர் உள்ளே. விடிய அவரே தேத்தண்ணிக் கோப்பையோடு கூடாரத்தடிக்கு வந்தால் வரட்டும். வராவிட்டாலும் ஒன்றும் கேட்காதீர்கள்.

கே: நான் ஆசிரியை. பீக்கோ டிரெயில் பாதையில் சில கட்டங்களைத் தனியாக, கூடாரத்தோடு நடக்க ஆசை. "பொம்பளப் புள்ள தனியாவா?" என்று லயமே கேட்கிறது. எந்த மாதம் நல்லது, எங்கே படுக்கலாம்?
*(ஒரு வாசகி, ஹட்டன்)*

ப: போங்கள் டீச்சர். அந்த நடைபாதை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டம், கண்டியில் தொடங்கி ஊவாவைச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. பெரும்பகுதி நம் ஆட்கள் கொழுந்துக் கூடையோடு நடந்து தேய்த்த தோட்டப் பாதைதான்.

மே முதல் செப்டெம்பர் வரை உங்கள் பக்கம் மழை, ஊவாவில் வெயில். ஒக்டோபரிலிருந்து ஊவாவுக்கும் மழை. பெப்ரவரி, மார்ச் இரு பக்கத்துக்கும் தோது. ஒக்டோபர், நவம்பரில் கூடாரத்தோடு மலைச்சரிவுக்குப் போகவே வேண்டாம். மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியது 2014 ஒக்டோபர் 29 காலையில். எந்த மாதமானாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். சந்தேகமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. மண் வெட்டிய மேட்டின் கீழும், காய்ந்த ஓடையிலும் படுக்காதீர்கள். பெலிஹுல்ஓயாப் பக்கம் அப்படி ஓர் ஓடையில் நான் படுத்து, நடு இரவில் செருப்பு இரண்டும் மிதந்து போன கதை இருக்கிறது.

தோட்டக் காணியில் கூடாரம் போடுவதென்றால் வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேட்டுவிட்டே போடுங்கள். தனியாகப் போகும் பெண்ணுக்கு நான் சொல்லும் இடம் கோயில் முற்றம். பின்னேரம் நான்கு மணிக்குப் போய்த் தோட்டத் தலைவரிடமோ பூசாரியிடமோ, "நான் இன்னாரின் மகள், ஹட்டனிலிருந்து வருகிறேன்" என்று சொல்லுங்கள். அரை மணித்தியாலத்தில் உங்கள் சித்தப்பாவின் சம்பந்தி ஒருவர் அந்த லயத்திலேயே அகப்படுவார். பிறகு கூடாரத்தில் படுக்க விடுவார்களா என்பதுதான் பிரச்சினை.

அட்டைக்கு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சவர்க்காரத்தைக் கட்டியாகக் காலில் பூசிக் காயவிடுவதை எந்தக் கடைச் சாமானும் வெல்லவில்லை.

கே: கட்டிலும் சுடுதண்ணீரும் உள்ள சொகுசுக் கூடாரத்தில்தான் தங்குவோம். எங்களையும் கணக்கில் சேர்ப்பீர்களா?
*(ஒரு தம்பதி, கொழும்பு 6)*

ப: தாராளமாக. அந்தச் சுடுதண்ணீருக்கு விறகு தூக்கி வந்த பிள்ளையின் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

கே: ஜனவரியில் ஹோர்ட்டன் சமவெளியில் அனுமதி எடுத்துத் தங்கினோம். காஸ் டின் நிறைய இருந்தும் விடியற்காலை அடுப்பு எரியவில்லை. போலிச் சாமானா?
*(ஒரு வாசகர், கண்டி)*

ப: சாமானில் பிழையில்லை. சாதாரண டின்னில் இருப்பது பியூட்டேன். குளிர் பூச்சியப் பாகையை நெருங்கினாலே அது சரியாக ஆவியாகாது, பெரும்பாலும் திரவமாகவே கிடக்கும். 2,100 மீற்றருக்கு மேல், ஜனவரியில் புல்லெல்லாம் துகள் உறைபனி பூக்கும் இடத்தில் அது எப்படி எரியும்? புரொப்பேன் கலந்த டின் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் படுக்கும்போது டின்னை அடுப்பிலிருந்து கழற்றி, காலுறைக்குள் போட்டு, உறக்கப்பைக்குள் அணைத்துக்கொண்டு படுங்கள். நான் அப்படித்தான் படுக்கிறேன். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.