ஊரடங்கில் மலை வீட்டுச் சமையலும் தோட்டமும்: கேளுங்கள், சொல்கிறேன்

நேற்று புனித வெள்ளி முடிந்தது, நாளை ஈஸ்டர், செவ்வாய்க்கிழமை சித்திரை பிறக்கிறது. வழக்கமாக இந்த மாதிரி சேர்ந்தாற்போல லீவு வந்தால் நீலகிரியில் எங்கள் கோத்தகிரி ரோட்டில் கீழே சமவெளியிலிருந்து வரும் கார்கள்தான் நிற்கும். இந்த 2020-ல், கொரோனா ஊரடங்கில், ஒரு காரும் இல்லை. மளிகைக்கடையை மதியம் 1 மணிக்கு மூடிவிடுகிறார்கள், அப்புறம் வீடு, அடுப்பு, பின்னாடி இருக்கிற துண்டு நிலம், அவ்வளவுதான். சமையலோ தோட்டமோ எதுவானாலும் கேளுங்கள் என்று காலையில் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் போடுகிறேன். வைத்தியம் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அதற்கு டாக்டர் இருக்கிறார்.

குன்னூரிலிருந்து: அக்கா, கல்யாணமாகித் திருச்சியிலிருந்து வந்து முதல் வருஷம். அம்மா சொன்ன அளவில்தான் அரைக்கிறேன். ராத்திரி முழுக்க வெளியே வைத்தும் இட்லி மாவு அசையவே மாட்டேன் என்கிறது. சித்திரை முதல் நாள் இட்லி வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார்.

அம்மா சொன்ன அளவு சரிதான், அம்மா சொன்ன நேரம்தான் இங்கே செல்லாது. மாவு நன்றாகப் பொங்க 30 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். திருச்சியில் அது சும்மாவே இருக்கிறது, நம் ஊரில் சித்திரையிலும் ராத்திரி அதில் பாதிதான். அதனால் எட்டு மணி நேரம் என்பதை மறந்துவிட்டு பதினாறு, பதினெட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் காலை இட்லி என்றால் திங்கள் மதியத்துக்குள் அரைத்து முடித்திருக்க வேண்டும், சாயங்காலம் அரைத்தால் தோசைதான்.

அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம், அரிசியோடு ஒரு பிடி அவல். உப்பை அப்போதே போடாமல் பொங்கினபின் போடுங்கள், குளிரில் அது பொங்குவதை இன்னும் தாமதப்படுத்தும். கையால் கலக்குங்கள், கரண்டி வேண்டாம். அப்புறம் வைக்கிற இடம், அதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரிய அண்டாவில் கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மூடி, மேலே பழைய கம்பளியைச் சுற்றிவிடுங்கள். படுக்கப்போகும் முன் தண்ணீர் ஆறியிருந்தால் ஒருதரம் மாற்றுங்கள். மீன் வாங்கி வந்த தெர்மோகோல் பெட்டி வீட்டில் கிடந்தால் (கழுவி!) அதற்குள் மாவையும் ஒரு வெந்நீர் பாட்டிலையும் வைத்து மூடினாலும் போதும். காலையில் மேல்பக்கம் லேசாக வெடித்து, கரண்டியால் ஓரத்தைத் தள்ளினால் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்க வேண்டும். அது தெரிந்தால் கிளறாமல் மேலாக எடுத்து ஊற்றுங்கள். சோடா மாவு போட்டு ஏமாற்ற வேண்டாம், மாமியார் கண்டுபிடித்துவிடுவார்.

கேத்தியிலிருந்து: ஊறவைத்த ராஜ்மா வேகவே மாட்டேன் என்கிறது, கேஸ் தீர்ந்துவிடும் போலிருக்கிறது. பருப்பு மட்டமா?

பருப்பு நல்ல பருப்புதான். உயரம் போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கோத்தகிரி, குன்னூரில் 94 டிகிரி வாக்கில், ஊட்டியில் 93-க்கும் கீழே. தளதளவென்று கொதிக்கிறது, ஆனால் அந்தக் கொதியில் சூடு குறைவு, எவ்வளவு தீயை ஏற்றினாலும் அதற்கு மேல் போகாது. திறந்த பாத்திரத்தில் வைத்தீர்கள் என்றால் கேஸ்தான் வீண். குளிர்ந்த இடத்தில் ஊறுவதற்கும் நேரம் எடுக்கும், முந்தின நாள் மதியமே ஊறப்போடுங்கள். ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் வையுங்கள், கீழே ஐந்து விசில் என்றால் இங்கே ஏழு. தக்காளி, புளி எல்லாம் வெந்தபிறகுதான், முன்னால் போட்டால் தோல் இறுகிவிடும். ராஜ்மாவை மட்டும் அரைவேக்காட்டில் சாப்பிடாதீர்கள், வாந்தி வயிற்றுப்போக்கு வரைக்கும் கொண்டுபோய் விடும்.

வெந்த கையோடு இரண்டு உருளைக்கிழங்கை வெட்டிப்போட்டு, கொத்தமல்லி, மிளகாய், சீரகம் வறுத்து அரைத்து விட்டால் படுகர் வீட்டு அவரை உதக (அவரைக் குழம்பு) வழிக்கு வந்துவிடும். பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊரில்) என் தோழி வைப்பதற்கு ஈடாகாது, ஆனால் சோற்றுக்கும் ராகிக் களிக்கும் நன்றாகப் போகும்.

வெலிங்டன் பக்கம்: ஆன்ட்டி, நாளை ஈஸ்டர். பேக்கரி இல்லை, வீட்டில் ஓவன் இல்லை. போன வாரம் குக்கரில் கேக் வைத்தேன், நன்றாக எழும்பி நடுவில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டது.

பார்த்து வைத்த செய்முறை சென்னையில் எழுதினதாக இருக்கும். இங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் மாவுக்குள் இருக்கும் காற்று சீக்கிரம் விரிகிறது, கேக் வேகும் முன்னமே எழும்பிவிடுகிறது, தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் விழுகிறது. ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடர் என்று இருந்தால் முக்கால் ஸ்பூன் போடுங்கள், சர்க்கரையை ஒரு மேசைக்கரண்டி குறையுங்கள், பாலை இரண்டு மேசைக்கரண்டி கூட்டுங்கள். முட்டை பெரியதாக இருந்தால் நல்லது.

கேரட்டுக்கு உங்கள் பக்கம் பஞ்சமே இல்லை, லாரி சரியாக ஓடாமல் தோட்டத்திலேயே நிற்கிறது என்று கேள்விப்படுகிறேன். இரண்டு கேரட்டைத் துருவி, கையில் பிழிந்து, அந்தச் சாறு கொஞ்சம் போனபின் மாவில் சேருங்கள். குக்கர் என்றால் கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துவிட வேண்டும், மறக்காதீர்கள். அடியில் உப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு, பத்து நிமிஷம் சூடேற்றி, அப்புறம் சிம்மில் 45 நிமிஷம். அரை மணி ஆகும்வரை திறந்து பார்க்கக் கூடாது. இதற்குப் பழைய குக்கரை வைத்துக்கொள்ளுங்கள், புதுசு என்றால் கறுத்துப்போகும்.

ஊட்டி, ஃபிங்கர்போஸ்ட்: வருஷப்பிறப்புக்கு மாங்காய்ப் பச்சடி இல்லாமல் எப்படி? மாங்காய் மேலே வரவில்லை, வேப்பம்பூவும் இல்லை.

வேப்பமரம் நம் குளிருக்கு வராது, அதனால் மலையில் வேப்பம்பூ என்றாலே கீழே இருந்து வந்த டப்பாவில் கிடக்கும் காய்ந்த பூதான். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்தது எங்காவது ஒளிந்திருக்கும், தேடுங்கள். இல்லையென்றால் அரை ஸ்பூன் வெந்தயத்தை நெய்யில் சிவக்க வறுத்துப் போடுங்கள், கசப்பு கசப்புதானே.

மாங்காய்க்கு பதில் மரத்தக்காளி, நம் மலையில் மரத்தில் காய்க்கிற புளிப்புப் பழம். நான் இதைச் சும்மா சமாளிப்புக்காகச் சொல்லவில்லை, பச்சடிக்கு எனக்கு அதுதான் மாங்காயைவிடப் பிடிக்கும். நன்றாகச் சிவந்த பழம் நாலைந்தை வெந்நீரில் ஒரு நிமிஷம் போட்டெடுத்தால் தோல் உரிந்து வரும். தோலைக் கட்டாயம் எடுக்க வேண்டும், துவர்க்கும். உள்ளே இருக்கும் கறுஞ்சிவப்புச் சதையை மசித்து, வெல்லம், துளி உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டுக் கொதிக்க விட்டால் நிறமே பண்டிகை. கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்து, வறுத்த பூவையோ வெந்தயத்தையோ பரிமாறும்போது மேலே தூவுங்கள், முன்னமே போட்டால் எல்லாம் கசந்துவிடும். சார்வரி வருஷத்துக்குக் கசப்பு ஏற்கெனவே போதுமான அளவு வந்துவிட்டது என்று யாராவது ஜோக் அடிப்பார்கள், விட்டுவிடுங்கள்.

அரவேணுவிலிருந்து: பெங்களூரிலிருந்து வந்ததால் 14 நாள் மாடி அறையில் தனிமையில் இருக்கிறேன், கதவில் ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. மனைவி தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். குழந்தை கீழே தோட்டத்தில் விளையாடுவது ஜன்னலில் தெரிகிறது. நானும் எதையாவது வளர்க்கலாமா?

வளர்க்கலாம் தம்பி. கொத்தமல்லி வேண்டாம், அது முளைக்கவே இரண்டு வாரம் எடுத்து உங்களைக் கோபப்படுத்தும். வெந்தயம் கேளுங்கள், அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறதே அதுதான். ஒரு ராத்திரி ஊறவைத்து, அடியில் ஓட்டை போட்ட பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் மண் நிரப்பி, நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மண். வெயில் வரும் ஜன்னலில் வையுங்கள். மூன்று நாலு நாளில் முளை வளைந்து எழும்பும், இரண்டு இலை விரிந்து விரல் நீளம் வந்ததும் கத்தரிக்கோலால் வெட்டலாம். உங்கள் கெடு முடிவதற்குள் ஒரு கைப்பிடி தேறும்.

குழந்தைக்கும் கீழே அதே நாளில் அதே விதையைப் போடச் சொல்லுங்கள். யாருடையது முதலில் வருகிறது என்று தினமும் ஜன்னலிலிருந்து கத்திக்கொள்ளலாம். தட்டு டம்ளர் தனியாகவே இருக்கட்டும், நீங்களே கழுவிக்கொள்ளுங்கள்.

ஊட்டி, லவ்டேல்: மூட்டையில் இருந்த உருளைக்கிழங்கு முளைத்துவிட்டது. பின்னாடி கொஞ்சம் இடம் இருக்கிறது. நட்டால் வருமா? பசங்களுக்கும் ஒரு வேலை.

சரியான நேரத்தில் கேட்டீர்கள். இங்கே கிழங்குக்குப் பெரிய போகமே சித்திரை வைகாசியில்தான் நடுகிறார்கள். கோடை மழை ஒன்று இரண்டு விழுந்து மண் நனைந்திருக்கும்.

முதலில் முளையைப் பாருங்கள். இருட்டு மூட்டையில் வெளுத்து, நூல் மாதிரி நீண்டு கிடந்தால் அது தொட்டாலே ஒடியும், பயனில்லை. அதை உடைத்துவிட்டுக் கிழங்கை வெளிச்சம் படும் இடத்தில், நேர் வெயில் இல்லாமல், ஒரு வாரம் பரப்புங்கள். குட்டையாக, தடியாக, ஊதாவும் பச்சையுமாக முளை வரும், அதுதான் நடுவதற்கு. வெளிச்சத்தில் கிழங்கின் தோலும் பச்சையாகும், விதைக்குப் பரவாயில்லை, ஆனால் அதைச் சமைக்கக் கூடாது, பசங்களிடம் சொல்லி வையுங்கள். கோழிமுட்டை அளவு கிழங்கை முழுசாகவே நடலாம். பெரியதை இரண்டு மூன்று கண் இருக்கும்படி வெட்டி, வெட்டின பக்கம் அடுப்புச் சாம்பல் தொட்டு, ஒரு நாள் காயவிட்டு நடுங்கள். முக்கால் அடி இடைவெளி. செடி முழங்கால் உயரம் வருவதற்குள் இரண்டு தரம் மண் அணைக்க வேண்டும், இது சோம்பலில் விட்டுப்போகிற வேலை, விட்டால் கிழங்கு வெளியே தெரிந்து பச்சையாகிவிடும். மழை பிடித்தபின் இலையில் கறுப்பாகத் தீய்ந்த மாதிரி திட்டு வந்து, அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்தால் அது இலைக்கருகல். அந்தச் செடியை உடனே பிடுங்கித் தூரமாக எறிந்துவிடுங்கள், காத்திருந்தால் இரண்டு நாளில் பாத்தியே போய்விடும். எல்லாம் சரியாகப் போனால் மூன்றரை, நாலு மாதத்தில் தோண்டலாம்.

இன்னொன்று. நீலகிரி மண்ணில் வேரைத் தாக்கும் நூற்புழு உண்டு, 1961-லேயே ஊட்டி பக்கம் கண்டுபிடித்துவிட்டார்கள். வேரில் கடுகைவிடச் சின்னதாக மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தால் அதுதான். அந்த முட்டைக்கூடு மண்ணில் வருஷக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அதனால் அதே பாத்தியில் மறுபடி மறுபடி கிழங்கு நடாதீர்கள், அடுத்து பீன்ஸோ கேரட்டோ முட்டைக்கோஸோ போடுங்கள். பசங்கள் ஆர்வமாகத் தொடரும் என்றால் ஊரடங்கு முடிந்தபின் முத்தோரையில் இருக்கிற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் இந்தப் புழுவைத் தாங்கும் குப்ரி சுவர்ணா பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

கோத்தகிரியிலேயே: ரோட்டில் ஆள் இல்லாததால் காட்டெருமை தைரியமாகக் கேட் வரை வருகிறது. பீன்ஸ் கொடி மொத்தமும் போச்சு. பட்டாசு போடலாமா?

வேண்டவே வேண்டாம். மிரண்டால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது, வேலியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. உள்ளே வந்து கதவைச் சாத்துங்கள், நாயைக் கட்டுங்கள், அது தானாகப் போகும். தினமும் வந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கரடிக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: எண்ணெய்ப் பாத்திரம், பழத்தோல், மிச்சச் சோறு எதையும் ராத்திரி வெளியே வைக்காதீர்கள். உரக்குழியில் வெறும் காய்த்தோலும் இலையும் மட்டும் போடுங்கள், மேலே மண் மூடுங்கள்.

இன்னொருவர்: பையன் மதியம் வரை தூங்குகிறான், தோட்டத்துக்குக் கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறான்.

தூங்கட்டும். பதினாறு வயசு என்று எழுதியிருக்கிறீர்கள், மதியம் எழுந்தபின் தேங்காய் துருவச் சொல்லுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து: உங்கள் ஊரில் வாங்கின ஹைட்ரேஞ்சியா அங்கே நீலம், இங்கே வந்து ரோஸ் ஆகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

யாரும் ஏமாற்றவில்லை. எங்கள் மண் புளிப்பு, அதில் அலுமினியம் கரைந்து செடிக்குக் கிடைக்கிறது, பூ நீலமாகிறது. உங்கள் போர்த் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், அதில் கிடைக்காது. மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள், மாதம் ஒருதரம் ஒரு ஸ்பூன் படிகாரத்தை ஒரு குடத்தில் கரைத்து விடுங்கள். அடுத்து வரும் மொட்டுகளில்தான் மாற்றம் தெரியும். நிழலில் வையுங்கள், உங்கள் சித்திரை வெயிலில் நிறத்தைவிடச் செடி உயிரோடு இருப்பதுதான் பெரிய விஷயம்.

மறுபடி வெலிங்டன்: ஆன்ட்டி, முட்டை ஒன்றுதான் இருக்கிறது. கேக்குக்குப் போதுமா?

போதும். அரை கப் கெட்டித் தயிர் சேர்த்துக்கொள்ளுங்கள், பாலை அந்த அளவுக்குக் குறைத்துவிடுங்கள். தயிர் போடுவதால் இரண்டு சிட்டிகை சோடா மாவு போடலாம், பேக்கிங் பவுடர் அரை ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். அப்புறம் அந்த கேஸ்கட்டை எடுத்தீர்களா என்று ஒருதரம் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.