நடைப் பயணத்துக்கு எந்த லென்ஸ்?

கேள்வி: என்னிடம் ஏபிஎஸ்-சி எனும் சற்றுச் சிறிய சென்சார் உள்ள டிஎஸ்எல்ஆர் கேமராவும் அதோடு வந்த 18-55 மில்லிமீட்டர் கிட் லென்ஸும் இருக்கின்றன. நீண்ட பயணம் ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் நடைதான். மலை, ஏரி, கடற்கரை என்று இயற்கைக் காட்சிகளைத்தான் எடுப்பேன். பையில் எடை ஏறக்கூடாது, செலவும் கையைக் கடிக்கக்கூடாது. வாங்குவதென்றால் அகலமான காட்சியைப் பிடிக்கும் எஃப்/2.8 வைட் ஆங்கிள் லென்ஸாக வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். எஃப் எண் என்பது ஒளி நுழையும் துளையின், அதாவது அப்பர்ச்சரின் அளவு. எண் சிறிதானால் துளை பெரிது. அந்த எஃப்/2.8-க்காக நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணமும் சுமக்கும் கூடுதல் எடையும் பகலில் எடுக்கும் ஒரு படத்தில்கூடத் தெரியாது.

இயற்கைக் காட்சியில் காலடியில் கிடக்கும் கல்லும் தெளிவாக இருக்க வேண்டும், தொலைவில் இருக்கும் சிகரமும் தெளிவாக இருக்க வேண்டும். அதற்காக எல்லோரும் எஃப்/8, எஃப்/11 என்று அப்பர்ச்சரைச் சுருக்கித்தான் எடுக்கிறார்கள். லென்ஸின் ஓரங்களும் அந்த அளவில்தான் நன்றாகத் துலங்கும். எஃப்/2.8 வரை திறக்கும் லென்ஸை வாங்கி அதை எப்போதும் எஃப்/8-இல் வைத்திருப்பதற்கு ஏன் இரண்டு மடங்கு சுமக்க வேண்டும்?

இரண்டு மடங்கு என்று சும்மா சொல்லவில்லை. (லென்ஸின் பெயரில் வரும் 11-16 போன்ற எண்கள் மில்லிமீட்டரில் குவியத் தொலைவு. எண் குறையக் குறையக் காட்சி அகலமாகும்.) டோக்கினா 11-16 எஃப்/2.8 லென்ஸின் எடை சுமார் 550 கிராம். கேனான் ஈஎஃப்-எஸ் 10-18 ஐஎஸ் எஸ்டிஎம் 240 கிராம்தான். நிக்கானின் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 10-20 விஆர் 230 கிராம். பின்னிரண்டும் எஃப்/4.5-5.6 லென்ஸ்கள். கேமராவில் பொருந்தும் மவுண்ட் பிளாஸ்டிக்தான், ஆனால் இவ்வளவு இலேசான லென்ஸுக்கு அது தாராளமாகப் போதும். விலையிலும் இவை எளியவை, கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதியும் (ஐஎஸ், விஆர் என்பது அதுதான்) உண்டு. சூரியன் மறைந்த பிறகு, முக்காலி இல்லாத நேரத்தில், அந்த வசதி பெரிய உதவி. ஓடும் தண்ணீரையும் ஆடும் இலையையும் அது நிறுத்தாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எஃப்/2.8 நிஜமாகவே தேவைப்படுவது இரவு வானத்துக்கு. விண்மீன்கள் நகர்ந்து கோடாவதற்குள் போதிய ஒளியைச் சேர்த்தாக வேண்டும். பயணத்தின் நோக்கமே பால்வீதியை எடுப்பதுதான் என்றால் நண்பர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

சரி, அப்படியானால் 10-18 வாங்கிவிடலாமா? அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இதுவரை எடுத்த படங்களில் உங்களுக்குப் பிடித்த ஐம்பதைப் பொறுக்கி, ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டரில் எடுத்தது என்று பாருங்கள். படத்தின் விவரங்களிலேயே அது பதிவாகியிருக்கும். பெரும்பாலானவை 18-இல் முட்டிக்கொண்டு நின்றால் உங்களுக்கு வைட் தேவை. 40, 50 என்று இருந்தால் உங்கள் கண் தொலைவைத் தேடுகிறது. அப்போது 55-250 போன்ற ஒரு டெலி லென்ஸ்தான் உங்களுக்கு ஏற்றது. கேனானின் எஸ்டிஎம் மாடல் 375 கிராம். அடுக்கடுக்கான மலைத்தொடர், பள்ளத்தாக்கில் தேங்கிய மேகம், எதிர்ச்சரிவில் ஒற்றை மரம் எல்லாம் டெலியில்தான் படமாக உருவெடுக்கும். இயற்கைக் காட்சி என்றாலே வைட் லென்ஸ் என்று பலரும் முடிவுகட்டிவிடுவதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

வைட் லென்ஸ் வாங்கிய பலர் முதல் வாரத்திலேயே ஏமாந்துபோவதற்கும் காரணம் இருக்கிறது. ஏரிக்கரையில் நின்று 18-இல் பார்த்தால் எதிரே மலை கம்பீரமாக நிற்கும். அதே இடத்தில் 10-க்குப் போனால் மலை விரல் அகலத்துக்குச் சுருங்கிவிடும். மேலே வெற்று வானம், கீழே வெற்றுத் தண்ணீர். அங்கே செய்ய வேண்டியது, கரையில் பாசி படிந்த ஒரு கல்லைத் தேடி, அதன் அருகே குந்தி, கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்குவது. இப்போது கல் முன்னால் பெரிதாக எழும், அதன் விளிம்பு ஏரிக்குள் கண்ணை இழுத்துச் செல்லும், மலை பின்னணியாகும். 10-இல் எஃப்/8 வைத்து ஒரு மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்தால் அரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாமே தெளிவாக வரும். இப்படிக் குனிந்து நிமிர்ந்து எடுக்கப் பொறுமை உண்டென்றால் தயங்காமல் வாங்குங்கள்.

பொறுமை இல்லையென்றால் கிட் லென்ஸே போதும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, ஒவ்வொரு படமும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கு மேலே படியும்படி வரிசையாக எடுத்து, பிறகு கணினியில் ஒட்டிக்கொள்ளலாம். எக்ஸ்போஷரும் (ஒளியின் அளவு) ஃபோகஸும் நடுவில் மாறாதபடி மேனுவலில் வைத்துக்கொள்ளுங்கள். செலவே இல்லாத வைட் லென்ஸ் இது.

கேள்வி: நான் வைத்திருப்பது கேனான் மிரர்லெஸ், அதாவது டிஎஸ்எல்ஆர் போல உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா. டிஎஸ்எல்ஆருக்கான பழைய ஈஎஃப்-எஸ் 10-18 மலிவாகக் கிடைக்கிறது. அடாப்டர் போட்டுப் பயன்படுத்தலாமா?

பதில்: வேலை செய்யும், ஆட்டோஃபோகஸும் குறையின்றி இருக்கும். ஆனால் எடையைக் கூட்டிப் பாருங்கள். லென்ஸ் 240 கிராம், அடாப்டர் 110 கிராம், ஆக 350. மிரர்லெஸுக்கென்றே 2023-இல் வந்த ஆர்எஃப்-எஸ் 10-18 வெறும் 150 கிராம். அடாப்டர் ஏற்கெனவே கையில் இருந்தால் பழையதை வாங்குங்கள். அதையும் புதிதாக வாங்க வேண்டுமென்றால் மிச்சம் பிடிக்கும் பணத்தில் பாதி அதற்கே போய்விடக்கூடும்.

உங்களுடையது ஏபிஎஸ்-சியைவிடப் பெரிய ஃபுல் ஃபிரேம் சென்சார் என்றால் ஆர்எஃப்-எஸ் லென்ஸ் படத்தை வெட்டிச் சிறிதாக்கிவிடும். அதற்கு ஆர்எஃப் 16 எஃப்/2.8 இருக்கிறது, 165 கிராம். கோடுகள் வளைவதை மென்பொருள்தான் நிமிர்த்துகிறது. அதற்கான விலையை மூலைகளின் தெளிவில் கொடுக்கிறோம். மலைக்கும் கடலுக்கும் அது பெரிய குறையாகத் தெரியாது.

ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள சோனி, ஃபியூஜி மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் சாம்யாங் 12 எஃப்/2 மேனுவல் லென்ஸைப் பார்க்கலாம். சுமார் 245 கிராம். மேனுவல் ஃபோகஸ் என்று பயப்படாதீர்கள், மலை எங்கும் ஓடிவிடாது. இரவு வானத்துக்கும் இதே லென்ஸ் கைகொடுக்கும்.

கேள்வி: பழைய லென்ஸ் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் உங்கள் கேமராவில் அது இயங்குமா என்று பாருங்கள். நிக்கானின் ஏஎஃப்-பி லென்ஸ்கள் பழைய டிஎஸ்எல்ஆர்கள் பலவற்றில் ஃபோகஸே செய்யாது. சில கேமராக்களுக்கு ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) அப்டேட் வேண்டும். விற்பவர் சொல்லை நம்பாமல் நிக்கானின் பொருத்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் கண்ணாடி. முன்பக்கம் மெல்லிய கீறல் ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடலாம், படத்தில் தெரியாது. பின்பக்கக் கண்ணாடியில் கீறல் இருந்தால் வேண்டாம். செல்போன் டார்ச்சை ஒரு பக்கமிருந்து சாய்வாக அடித்து மறுபக்கமிருந்து பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

பலரும் விட்டுவிடும் சோதனை இனிதான். மலிவான வைட் லென்ஸ்களில் உள்ளே ஒரு கண்ணாடி கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் படத்தின் ஒரு பக்கம் மட்டும் கலங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. செங்கல் சுவர் ஒன்றுக்கு நேராக நின்று எஃப்/5.6-இல் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவுக்கு மங்கினால் அது அந்த லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றைவிடக் கலங்கியிருந்தால், கேமராவைத் தலைகீழாகப் பிடித்து இன்னொரு படம் எடுங்கள். இந்தப் படத்திலும் அதே மூலைதான் கலங்குகிறது என்றால் குறை லென்ஸில். இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸாக 18-400 வாங்கினால் என்ன?

பதில்: டாம்ரான் 18-400 சுமார் 700 கிராம். 10-18-ஐயும் 55-250-ஐயும் சேர்த்தாலே 615 கிராம்தான், வைட் பக்கமும் கூடுதலாகக் கிடைக்கும். தூசியும் மணலும் பறக்கும் இடத்தில் லென்ஸ் மாற்ற முடியாது என்றால் மட்டும் 18-400-ஐ யோசிக்கலாம்.

கேள்வி: வைட் லென்ஸுக்கு போலரைஸர் ஃபில்டர் அவசியமா?

பதில்: தண்ணீரின் மினுமினுப்பையும் ஈர இலையின் பளபளப்பையும் குறைப்பதற்கு அதற்கு மாற்றே இல்லை. கணினியில் பிறகு சேர்க்க முடியாத விளைவு அது. நீல வானத்தில் மட்டும் கவனம் வேண்டும். சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள பகுதிதான் அதிகம் கறுக்கும். 10-இல் வானம் அகலமாக விழுவதால் நடுவே ஒரு கருநீலத் திட்டு வந்துவிடும். வானம் பெரிதாக வரும் படத்துக்கு அதைக் கழற்றிவிடுங்கள். வாங்கும்போது மெல்லிய விளிம்புள்ளதாகப் பாருங்கள், தடித்த விளிம்பு மூலைகளில் கறுப்பாக விழும்.