லென்ஸும் தண்ணீரும் ஏன் சேரக்கூடாது?

கேள்வி: நான்கு ஆண்டுகளாகக் கான்டாக்ட் லென்ஸ் அணிகிறேன். லென்ஸ் டப்பாவைக் குழாய் நீரில்தான் கழுவுகிறேன். சில நாள் லென்ஸோடே குளித்தும்விடுகிறேன். அமீபா கண்ணைத் தாக்கும் என்கிறார்களே, குளோரின் கலந்த நீரிலுமா அது இருக்கும்?

பதில்: இருக்கும். அகாந்தமீபா என்னும் இந்த ஒரு செல் உயிரி மண், குளம், குழாய் நீர், நீச்சல் குளம் என எங்கும் உண்டு. (மூக்கு வழியாக மூளைக்குச் செல்லும் நெக்லேரியா வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) லென்ஸ் அணியாதவர் கண்ணில் இது பட்டால் பெரும்பாலும் கண்ணீரோடு போய்விடும். லென்ஸ் இருந்தால் அதில் ஒட்டிக்கொண்டு, லென்ஸ் உரசிய நுண்ணிய கீறல் வழியே கருவிழிக்குள் நுழைந்துவிடும்.

குளோரின் ஏன் காப்பாற்றாது? சூழல் ஒத்துவரவில்லை என்றால் இந்த அமீபா இரட்டைச் சுவர் கொண்ட உறைக்குள் சுருண்டு உறங்கிவிடும். குடிநீரில் கலக்கும் அளவு குளோரின் அதை அசைக்காது. நோய் வந்தபின் சொட்டு மருந்து மாதக்கணக்கில் தேவைப்படுவதும் இந்த உறையால்தான்.

உங்கள் டப்பாவின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பு தெரிந்தால் அது பாக்டீரியாப் படலம். அமீபாவின் தீனியே அதுதான். அந்த டப்பாவை இன்றே எறிந்துவிடுங்கள். புது டப்பாவைத் தினமும் லென்ஸ் கரைசலாலேயே கழுவி, துடைத்து, கவிழ்த்துக் காயவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழைய கரைசலின் மேலேயே புதியதை ஊற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குளிக்குமுன், நீந்துமுன் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். கையைச் சோப்பால் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே லென்ஸைத் தொடுங்கள்.

அமீபா தொற்றிவிட்டால் கண் லேசாகத்தான் சிவந்திருக்கும், வலியோ தாங்க முடியாது, வெளிச்சம் கூசும். இப்படி இருந்தால் லென்ஸை உடனே கழற்றிவிட்டுக் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். தொடக்கத்தில் இதை ஹெர்பிஸ் வைரஸ் தொற்று என்று தவறாகக் கருதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. எனவே "நான் லென்ஸ் அணிபவர், தண்ணீர் பட்டிருக்கிறது" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விட்டுக்கொள்ளாதீர்கள். சிவப்பு குறைந்ததுபோல் தோன்றும், உள்ளே தொற்று முற்றும். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கருவிழியைச் சுரண்டி எடுக்கும் மாதிரியுடன் அவற்றையும் பரிசோதிக்கலாம்.