எதேச்சதிகாரப் போக்கை ஆராய நிதி: கணியம்பாடிக்கும் கண்ணமங்கலத்துக்கும் நடுவே ஒரு ஆய்வுக்களம்

கேள்வி: வேலூர் மாவட்டத்தில் அரசு கலைக் கல்லூரி ஒன்றில் அரசியல் அறிவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எதேச்சதிகாரப் போக்குகள் உள்ளூரில் எப்படி வேர்விடுகின்றன, மக்கள் அதை எப்படி எதிர்த்து நிற்கிறார்கள் என்று ஆய்வு செய்ய ஆசை. வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று பணம் தரத் தயாராக இருக்கிறது. நண்பர் நடத்தும் தொண்டு நிறுவனத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு (வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான அரசுப் பதிவு) உண்டு, அதன் வழியாக வாங்கிக்கொள்ளலாமா? இல்லையென்றால் உள்நாட்டில் யாரிடம் கேட்பது? தலைப்பைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடுவார்களோ என்றும் தயக்கமாக இருக்கிறது.

பதில்: நண்பரின் நிறுவனம் வழியாக வேண்டவே வேண்டாம். 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவை 2020-ல் திருத்தினார்கள். பதிவு பெற்ற நிறுவனம் தான் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தைத் தானே செலவு செய்யலாம். வேறொரு நிறுவனத்துக்கோ தனி ஆளுக்கோ கைமாற்றக் கூடாது. வாங்குபவரிடமும் அதே பதிவு இருந்தால் பரவாயில்லை என்பது பழைய சட்டம், அந்த வாசல் மூடியாயிற்று. அதோடு, நீங்கள் அரசு ஊழியர். 3-ஆம் பிரிவில் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாதவர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது: தேர்தல் வேட்பாளர், சட்டமன்ற உறுப்பினர், பத்திரிகை ஆசிரியர், நீதிபதி, கூடவே பொது ஊழியர். மீறினால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நண்பரின் பதிவும் போகும்.

உதவித்தொகை மட்டும் விலக்கு. ஸ்காலர்ஷிப், ஸ்டைபெண்ட் போன்ற தொகைகளை 4-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஃபுல்பிரைட்-நேரு போன்ற ஃபெலோஷிப்பில் போய்ப் படித்துவிட்டு வருவதற்குத் தடை இல்லை, துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். ஆனால் அது உங்கள் படிப்புக்கான பணம். அதை வைத்து இங்கே களப்பணிக்கு ஆள் அமர்த்தினால் கேள்வி வரும். ஐக்கிய நாடுகள் அமைப்பும் அதன் சிறப்பு முகமைகளும் சட்டப்படி 'வெளிநாட்டு மூலம்' ஆகா, ஐ.நா. ஜனநாயக நிதி என்று 2005 முதல் ஒன்று நடக்கிறது. ஆனால் அதன் பெரும்பகுதி குடிமைச் சமூக அமைப்புகளுக்குத்தான் போகிறது. கல்லூரி ஆசிரியர் தனியாக விண்ணப்பித்துப் பயனில்லை.

பெரிய நிறுவனங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. 1973 முதல் டெல்லியில் இயங்கிவரும் கொள்கை ஆய்வு மையத்தின் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவை 2023 பிப்ரவரியில் நிறுத்திவைத்து, 2024 ஜனவரியில் ரத்து செய்தார்கள். கொடுக்கும் பக்கத்திலும் கை சுருங்கிவிட்டது: 2025-ல் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி முகமையான யு.எஸ்.எய்டு மூடப்பட்டது, அங்குள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளை பொய்த்தகவல் குறித்த ஆய்வு மானியங்களைப் பாதியில் நிறுத்தியது. வெளிநாட்டுக் கடிதத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு உள்ளூர்ப் பக்கம் திரும்புவது உத்தமம்.

உள்நாட்டில் முதல் வாசல் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். என்னும் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு, 1969-ல் தொடங்கியது. சிறு ஆய்வு, பெரு ஆய்வு என்று இரண்டு வகையாக அழைப்பு விடுவார்கள். உச்சவரம்பும் காலமும் அவ்வப்போது மாறும், அந்த ஆண்டு அறிவிப்பில் இருப்பதுதான் கணக்கு. நெருக்கடி நிலைக் காலத்தை (1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை) எடுத்துக்கொண்டால் ஐ.சி.எச்.ஆர். என்னும் வரலாற்று ஆராய்ச்சிக் குழுவிடம் போகலாம். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வேலை இருக்கும். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் விடும் அழைப்புகளில் சமூக அறிவியலுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். வழிகாட்டுதலுக்கு அடையாறில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷையா 1971-ல் தொடங்கியது. நம்மூர்ப் பிள்ளை வைத்த வீடு, தயங்காமல் போகலாம்.

ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் நிறுவனங்களிடம் சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) நிதி கேட்கலாமே என்று பலர் சொல்வார்கள். கம்பெனிச் சட்டத்தின் 7-ஆம் அட்டவணையில் ஆராய்ச்சி என்று வரும் இடத்தில் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம் நான்கும்தான் இருக்கின்றன. அரசியல் அறிவியல் அதில் இல்லை. ஊராட்சி உறுப்பினர்களுக்குப் பயிற்சி என்றால் ஊரக வளர்ச்சித் தலைப்பில் கேட்டுப் பார்க்கலாம், ஆய்வுக்குக் கேட்டால் கிடைக்காது.

இனி உங்கள் தயக்கத்துக்கு வருவோம். தலைப்பு ஆட்சியாளருக்குப் பிடிக்கவில்லை என்பதால் தள்ளப்படும் விண்ணப்பங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தத் துறையில் அதைவிட அதிகமாக விழுபவை, எதை அளக்கப்போகிறோம் என்று சொல்லாத விண்ணப்பங்கள். 'எதேச்சதிகாரப் போக்குகளும் மக்கள் எதிர்ப்பும்: வேலூர் மாவட்டம்' என்று எழுதினால், படிப்பவர் கேட்கும் முதல் கேள்வி 'எந்தப் பதிவேட்டில் அது தெரியும்?' என்பதாகத்தான் இருக்கும். ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வி-டெம் நிறுவனம் நாடுகளுக்கு 0 முதல் 1 வரை ஜனநாயக மதிப்பெண் போடுகிறது. தரவு முழுவதும் இலவசம். 2021 அறிக்கையில் இந்தியாவைத் 'தேர்தல்வழி எதேச்சதிகாரம்' என்று வகைப்படுத்தியது. இப்படிப்பட்ட குறியீடுகள் சில நிபுணர்களின் கருத்தை நம்பியவை என்று பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2022 நவம்பரில் ஒரு ஆய்வறிக்கையே வெளியிட்டது. எந்தப் பக்கம் நின்றாலும் உங்களுக்கு அந்த மதிப்பெண் உதவாது. நாட்டுக்கு ஒரு எண் இருக்கிறது, நம் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஒன்றியத்துக்கு எண் கிடையாது.

அந்த எண்ணை நீங்களே உண்டாக்க நம் பழைய வட ஆற்காடு (இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை) மாதிரி தோதான இடம் அமைவது அரிது.

2016 அக்டோபரில் தமிழக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அப்போது நடக்கவிருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, ஊராட்சிகள் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கைக்குப் போயின. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது. மாவட்டப் பிரிப்பு நடந்த 9 மாவட்டங்களில் வார்டு மறுவரையறை முடியட்டும் என்று உச்ச நீதிமன்றம் விலக்கு கொடுத்தது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் அந்த 9-ல். 1989 வரை நம்மோடு ஒரே மாவட்டமாக இருந்த திருவண்ணாமலையோ 27-ல். நமக்குத் தேர்தல் வந்தது 2021 அக்டோபரில். ஆக 2020 ஜனவரி முதல் ஏறத்தாழ 21 மாதம், கண்ணமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் தேர்ந்தெடுத்த தலைவர் உண்டு, சாலையில் சற்று வடக்கே கணியம்பாடி ஒன்றியத்தில் கிடையாது. ஒரே மண், ஒரே பஸ் ரூட், ஒரே சந்தை. 2025 ஜனவரியில் நிலைமை தலைகீழ்: திருவண்ணாமலை ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்தார், இங்கே தலைவர்கள் தொடர்ந்தார்கள், அவர்கள் காலம் 2026 அக்டோபர் வரை.

தேர்தல் தள்ளிப்போனதற்குக் காரணம் அந்தந்த ஊரின் குணம் அல்ல, மாவட்டப் பிரிப்பு. அதனால்தான் இந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு. ஆனால் தனி அலுவலர் காலத்தை 'எதேச்சதிகாரம்' என்று எழுதிவிடாதீர்கள். மதிப்பீட்டாளர் அந்த வரியோடு நிறுத்திவிடுவார், அதில் தப்பும் இல்லை. தேர்ந்தெடுத்தவர் இல்லாதபோது கேள்வி கேட்கும் பழக்கம் என்ன ஆகிறது என்பதே நீங்கள் அளப்பது. பெரிய சொல்லை ஆய்வுப் பின்னணிப் பகுதியில் வெளிப்படையாகவே எழுதுங்கள், ஒளிக்க வேண்டியதில்லை. தலைப்பில் மட்டும் அளக்கும் பொருள் இருக்கட்டும்: 'தேர்ந்தெடுத்த ஊராட்சி இல்லாத காலத்தில் கிராம சபை: பழைய வட ஆற்காட்டின் இரு மாவட்டங்கள், ஒரு ஒப்பீடு.'

அளக்க என்ன இருக்கிறது? கிராம சபைத் தீர்மானப் புத்தகமும் வருகைப் பதிவேடும். ஆண்டுக்கு 4 முறை கூடிய சபை 2022 முதல் 6 முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைவெண் வரம்பு (சபை செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது) மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. பதிவேட்டைத் திறந்தால் கையெழுத்து எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிடக் கூடாது. வரம்பு 100 என்றால் 102, 104 என்று நிற்கிறதா, அடுத்தடுத்த வரிகள் ஒரே பேனாவில் ஒரே சாய்வில் ஓடுகின்றனவா, நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அப்படியே அழைத்து வந்து கைநாட்டு வாங்கியதா என்று பாருங்கள். தீர்மானத்தில் ஊர்ப்பெயர், தெருப்பெயர், தொகை இருந்தால் அது ஊரார் கேட்டது. மேலிருந்து வந்த கூட்டப்பொருளை வரி பிசகாமல் நகலெடுத்திருந்தால் அது வேறு. இந்த இரண்டையும் பிரித்து எண்ணினாலே ஒரு நல்ல அளவுகோல் கிடைத்துவிடும். 'எதிர்த்து நிற்பது' என்ற பகுதிக்கு, வரவு-செலவை ஏற்க மறுத்த தீர்மானங்கள், திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போன மனுக்கள், தகவல் உரிமை விண்ணப்பங்கள் என்று எண்ணலாம்.

ஒரு முக்கியமான சிக்கல்: 21 மாதத்தில் பெரும்பகுதி கொரோனாக் காலம். கிராம சபைகளே பல முறை நிறுத்தப்பட்டன. இதை நீங்களே விண்ணப்பத்தில் சொல்லிவிட்டு, 2025 ஜனவரிக்குப் பிந்தைய தலைகீழ்க் காலத்தை இரண்டாவது ஒப்பீடாக வையுங்கள். இரண்டிலும் ஒரே திசையில் முடிவு வந்தால்தான் பேசலாம்.

வீட்டுக் கணக்கெடுப்பும் சேர்ப்பதாக இருந்தால் மாதிரி அளவில் ஏமாறாதீர்கள். 'எங்கும் 385 பேர் போதும்' என்பது தனித்தனியாகக் குலுக்கி எடுத்தால் சரி. ஊருக்கு 20 வீடு என்று எடுத்தால் ஒரே ஊர்க்காரர் பதில்கள் ஒத்துப்போகும். அந்த ஒற்றுமையை 0.05 என்று வைத்தாலே தேவை 1.95 மடங்காகி 750-ஐத் தாண்டும். 800 வீட்டை 40 ஊராட்சியில் எடுத்தால், இரு மாவட்டத்துக்கும் இடையே சுமார் 14 சதவீதப் புள்ளி வித்தியாசம் இருந்தால்தான் நம்பிக்கையோடு கண்டுபிடிக்க முடியும். அதே 800-ஐ 80 ஊராட்சியில் தலா 10 வீடாகப் பிரித்தால் அது 12 ஆகக் குறையும். வீட்டைக் கூட்டுவதைவிட ஊரைக் கூட்டுவது லாபம்.

செலவுக் கணக்கு இப்படிப் போகும். ஒருவர் நாளுக்கு 6 நேர்காணல் முடிப்பார் என்றால் 800 வீட்டுக்கு 134 ஆள்நாள். ஆள் இல்லாத வீட்டுக்கு மறுபடி போக 15 சதவீதம் சேர்த்தால் 154. கூலி, பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து நாளுக்கு ரூ.1,200 என்றால் ரூ.1,84,800. இதுவரை எல்லோரும் போட்டுவிடுவார்கள். பதிவேடு பார்க்கும் வேலையை மறந்துவிடுவார்கள்: ஊராட்சிக்கு இரண்டு ஆள்நாள் என்றால் 80 ஊராட்சிக்கு 160 ஆள்நாள், ரூ.1,92,000. ஊராட்சிச் செயலர் இருக்கும் நாளில்தான் பீரோ திறக்கும் என்பதால் இதில் வீண் அலைச்சலும் உண்டு. பதிவேடு உங்கள் ஆய்வின் உயிர். அதற்குப் பணம் ஒதுக்காமல் கேள்வித்தாளுக்கு மட்டும் ஒதுக்கினால் இருப்பதில் பாதிதான் கிடைக்கும்.

விண்ணப்பம் முதல்வர் வழியாகத்தான் போக வேண்டும், நேராக அனுப்பினால் எடுபடாது. கல்லூரிக்குப் பி.எஃப்.எம்.எஸ். (மத்திய அரசின் பொது நிதி மேலாண்மை அமைப்பு) பதிவு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் மானியம் ஒப்புதலாகியும் பணம் வந்து சேராது. திட்டத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, முதல்வரும் நீங்களும் இணைக் கையொப்பம். அரசுக் கல்லூரிகளில் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்: நடுவில் முதல்வர் மாறுவார், வங்கியில் கையொப்பம் மாற்றாமல் களப்பணியாளர் கூலி நின்றுபோகும். பணியில் சேரும் அன்றே மாற்றக் கடிதம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். கணக்கில் சேரும் வட்டி உங்களுடையது அல்ல, திருப்பிக் கட்ட வேண்டும். செலவுச் சான்றிதழ் பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில். அது போய்ச் சேராமல் அடுத்த தவணை வராது. ஒரு தலைப்பில் மிஞ்சியதை இன்னொன்றுக்கு மாற்ற முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், செலவழித்த பிறகு கேட்டால் தணிக்கையில் நிற்கும். களப்பணியாளர் கூலியைக் கணக்கு வழியாகவே அனுப்புங்கள்.

கேள்வித்தாளில் பெயரும் கைப்பேசி எண்ணும் பதில்களோடு ஒரே கோப்பில் இருக்கக் கூடாது. அரசியல் கேள்விக்குப் பதில் சொன்னவரின் பட்டியல் வேறு யார் கையில் கிடைத்தாலும் ஊரில் அவருக்குத்தான் தொல்லை. எண் மட்டும் தரவில், பெயர்ப் பட்டியல் தனியே பூட்டில். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்காதீர்கள், உங்கள் ஆய்வுக்கு அது தேவையே இல்லை. ஆய்வில் பங்கேற்பவருக்குத் தீங்கு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழு என்றால் வேலூரில் எல்லோருக்கும் சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) நினைவுதான் வரும். உங்கள் கல்லூரியிலேயே வெளியாள் ஒருவரைச் சேர்த்து ஐந்து பேர் குழு அமைத்து, கூட்டக் குறிப்பை இணைக்கலாம். ஊருக்குள் நுழையும் முன் ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் கடிதம், பணியாளர் கழுத்தில் கல்லூரி அட்டை. ஊர்த் தகவல் சேகரிக்கும் தனிப்பிரிவுக் காவலர் வந்து விசாரிப்பது வழக்கம்தான், கடித நகலைக் காட்டினால் போதும். தேர்தல் நடத்தை விதி நடப்பில் இருக்கும் மாதங்களில் களம் வைக்காதீர்கள். அப்போது கிராம சபையைத் தள்ளிவைப்பார்கள், உங்கள் ஆளையும் கட்சிக்காரர் என்றே நினைப்பார்கள். 2019-ல் பணப் பறிமுதலுக்காக மக்களவைத் தேர்தலே ரத்தான தொகுதி இது, கையில் பட்டியலோடு வீடு வீடாகப் போகிறவரை யாரும் சும்மா பார்க்க மாட்டார்கள்.

அழைப்பு வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. எல்லைக்கு இப்பக்கம் மூன்று, அப்பக்கம் மூன்று ஊராட்சிகளைத் தேர்ந்தெடுத்து, 2020 முதல் 2025 வரையிலான கிராம சபைத் தீர்மான நகலும் வருகைப் பதிவேட்டைப் பார்வையிட அனுமதியும் கேட்டுத் தகவல் உரிமை மனு போடுங்கள். மனுவுக்கு ரூ.10 கட்டணம், 30 நாளில் பதில். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஆறு ஊர்ப் பதிவேட்டில் என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு பக்க அட்டவணை தயாரித்து விண்ணப்பத்தோடு இணையுங்கள்.