மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லி கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. ஹெப்படைடிஸ் பி இருந்தது, இப்போது கல்லீரல் புற்றுநோய். அதற்குச் சோராஃபெனிப் மாத்திரை சாப்பிடுகிறார். உள்ளங்கை, பாதமெல்லாம் எரிச்சல், பேதி வேறு. கீழாநெல்லியும் மஞ்சள் சத்து மாத்திரையும் போதும், ஆராய்ச்சியே இருக்கிறது என்கிறார் சித்தப்பா. மாத்திரையை நிறுத்திவிடலாமா டாக்டர்?

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். எரிச்சலும் பேதியும் இந்த மருந்தில் பலருக்கும் வருவதுதான். உங்கள் மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது சில நாள் இடைவெளி விடச் சொல்வார். பாதத்துக்கு யூரியா க்ரீம் நல்ல பலன் தரும்.

சித்தப்பா சொல்லும் ஆராய்ச்சி உண்மையிலேயே நடந்ததுதான். சென்னையில் செய்த கீழாநெல்லி ஆய்வு 1988இல் லான்செட் இதழில் வந்தது. ஹெப்படைடிஸ் பி கிருமி இருந்த 37 பேருக்குக் கீழாநெல்லி கொடுத்ததில், 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. எங்களுக்கெல்லாம் பெரிய நம்பிக்கை தந்த செய்தி அது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதோடு, அந்த ஆய்வு கிருமியைப் பற்றியது. அப்பாவுக்கு வந்திருப்பது கட்டி.

மஞ்சளுக்கு வருவோம். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் புற்றுசெல்களை மஞ்சளின் சத்தான குர்க்குமின் கொல்வது சரிதான். வாய்வழி சாப்பிட்டால் ரத்தத்தில் சேர்வதோ மிகச் சொற்பம். அதற்காகவே மஞ்சள் சத்து மாத்திரைகளில் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998இல் பெங்களூரில் செய்த ஆய்வில், பைப்பரின் சேர்த்ததும் குர்க்குமின் 20 மடங்கு கூடுதலாக ரத்தத்தில் சேர்ந்தது. இதே பைப்பரின் மற்ற மருந்துகளைக் கல்லீரல் கையாளும் விதத்தையும் மாற்றக்கூடும். இந்த மாத்திரைகளால் கல்லீரல் வீங்கி மஞ்சள்காமாலை வந்தவர்களும் இருக்கிறார்கள். ஏற்கெனவே நொந்துபோன கல்லீரலை வைத்துக்கொண்டு அப்பா இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம். குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயப்படத் தேவையில்லை.

செடியிலிருந்து புற்றுநோய் மருந்து வராது என்று நான் சொல்லவில்லை. ரத்தப் புற்றுக்குத் தரும் வின்கிரிஸ்டின், நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்ததுதான். சீனாவில் 2022இல், எபிமீடியம் செடியிலிருந்து கிடைக்கும் இகாரிட்டினுக்கு, முற்றிய கல்லீரல் புற்றுநோயாளிகளில் ஒரு பிரிவினருக்காக நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள். ஒரே ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அளவு கட்டி, நோயாளிகளிடம் சோதித்த பிறகு கிடைத்த அனுமதி அது. இலையை அரைத்துக் குடிப்பது வேறு.

அப்பா ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டிருந்தால், திட்டுவார்களோ என்று மறைக்காமல் அந்த டப்பாவையே மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், நீங்கள், அம்மா, உடன்பிறந்தவர்கள், அப்பாவின் கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் ஹெப்படைடிஸ் பி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சித்தப்பாவையும் கையோடு கூட்டிப் போங்கள். கிருமி இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்று வந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.