அந்த ரெண்டாவது 'தட்' வேணுமா?

கடிதம்:

வணக்கம் சார். ரிப்போர்ட்ல 'த மேனேஜர் செட் தட் த டெஸ்டிங் வாஸ் ஓவர் அண்ட் த கிளையண்ட் வாஸ் ஹேப்பி'ன்னு எழுதிருந்தேன். கிளையண்ட் ஹேப்பின்னு சொல்றது மேனேஜரா நீங்களான்னு கேக்குறாங்க. பேரலல் ஸ்ட்ரக்சர், அதாவது ரெண்டு பாதியும் ஒரே அமைப்புல இருக்கறது, கரெக்டாத்தானே இருக்கு? இன்னொரு 'தட்' போட்டா ரிப்பீட் ஆயிடாதா?

பதில்:

வணக்கம்ங்க. அவங்க கேட்டது நியாயமான கேள்விதான். கிராமர்ல தப்பில்ல, ஆனா 'அண்ட்'க்கு அப்புறம் வர்ற பாதி எதோட சேரணும்னு உங்க வரியில எங்கயுமே தெரியல. 'தட்'டோட சேர்த்துப் படிச்சா ரெண்டையும் சொன்னது மேனேஜர், தனி வாக்கியமா படிச்சா கிளையண்ட் ஹேப்பிங்கறதுக்கு நீங்க பொறுப்பு. 'அண்ட் தட் த கிளையண்ட்'னு போடுங்க, முடிஞ்சுது.

இதெல்லாம் சின்ன விஷயம்னு விட முடியாதுங்க. அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி டிரைவருங்க ஓவர்டைம் கேட்டு கேஸ் போட்டாங்க. எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாதுன்னு சட்டத்துல ஒரு பட்டியல் இருந்துச்சு, 'கேனிங், ப்ராசஸிங்'னு ஆரம்பிச்சு 'ஸ்டோரிங், பேக்கிங் ஃபார் ஷிப்மெண்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்'னு முடிஞ்சுது. டிஸ்ட்ரிப்யூஷன் தனி வேலைன்னா டிரைவருக்கு ஓவர்டைம் இல்ல, பேக்கிங் எதுக்குங்கறதுல அதுவும் ஒண்ணுன்னா உண்டு. பட்டியல்ல இருக்குற வேலையெல்லாம் 'இங்'ல முடியுது, டிஸ்ட்ரிப்யூஷன் மட்டும் ஷிப்மெண்ட் மாதிரி இருக்கு, அப்ப அது ஷிப்மெண்டோட ஜோடிதானேன்னாங்க டிரைவர் தரப்புல. அப்படின்னா கடைசி வேலையான பேக்கிங்குக்கு முன்னாடி ஒரு 'ஆர்' வந்திருக்கணுமே, எங்கன்னு கம்பெனி தரப்புல கேட்டாங்க. ரெண்டுமே நல்ல வாதம்! 2017-ல அப்பீல் கோர்ட், வரி ரெண்டு அர்த்தம் தருது, அந்த மாதிரி இடத்துல சட்டத்தை தொழிலாளிக்கு சாதகமாத்தான் படிக்கணும்னு சொல்லிடுச்சு. 2018-ல 50 லட்சம் டாலருக்கு செட்டில்மெண்ட். எல்லாரும் ஷிப்மெண்டுக்குப் பின்னாடி விட்டுப்போன கமாவைப் பத்தியே பேசுனாங்க, எனக்கு அந்த 'இங்' வாதம்தான் ரொம்பப் பிடிச்சுது. தீர்ப்புக்கு அப்புறம் சட்டத்தைத் திருத்தினப்ப கமாவையெல்லாம் செமிகோலனா மாத்தினதோட நிக்காம 'டிஸ்ட்ரிப்யூட்டிங்'னும் ஆக்கிட்டாங்க.

ரிப்பீட் பத்தின பயம்: 'டீ அண்ட் காபி'ல யாருக்கும் குழப்பம் வராது, அங்க எதையும் திருப்பிப் போட வேண்டாம். ரெண்டு இடத்துல ஒட்ட முடியும்னா 'தட்', 'டு', 'ஃபார்' எதுவா இருந்தாலும் திருப்பிப் போடுங்க. 'ஓல்ட் மென் அண்ட் விமன்'ல ஆம்பளைங்க மட்டும்தான் வயசானவங்கன்னா வரிசையை மாத்தி 'விமன் அண்ட் ஓல்ட் மென்'னு எழுதினா போதும், ரெண்டு பேருமேன்னா 'ஓல்ட்' ரெண்டு தடவை வந்துதான் ஆகணும்.